அடுத்தவர் கடிதமும் நம் வழியே

கடிதத்தை உறையில் போட்டு ஒட்டினால் விஷயம் மறைந்துவிடும். ஆனால் யார் யாருக்கு எழுதினார் என்பதை மேல்விலாசமே காட்டிக் கொடுத்துவிடும். மின்னஞ்சலிலும் இதே சிக்கல்தான். 1981-ல் டேவிட் சாம் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு வழி சொன்னார்: உறைக்குள் உறையாகப் போட்டு, பல நிலையங்கள் வழியே அனுப்புவது. ஒவ்வொரு நிலையமும் ஓர் உறையைத்தான் பிரிக்கும். அடுத்த விலாசம் மட்டுமே அதற்குத் தெரியும்.

1990-களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் இதை 'வெங்காய' முறையாக வளர்த்தது. 2003-ல் தொடங்கிய ஐ-டூ-பி வலையமைப்பு பல செய்திகளை ஒரே கட்டாகக் கட்டியது. பூண்டுப் பற்கள் போல இருப்பதால் 'பூண்டு' முறை!

ஓய்வுக்குப் பிறகு இதன் ரவுட்டரை என் கணினியில் நிறுவினேன். இது பெட்டி அல்ல, மென்பொருள். பிரவுசரில் 127.0.0.1:7657 என்று தட்டினால் அமைப்புப் பக்கம் வரும். பிராக்ஸிக்கு 4444 என்ற போர்ட். முக்கியமான கேள்வி, நம் பேண்ட்வித்தில் எத்தனை சதவீதம் பிறருக்கு என்பதே. இங்கே பயன்படுத்துபவர்களே பெரும்பாலும் சுமப்பவர்களும். ஊரார் கடிதங்கள் என் வழியே போனால்தான் என் கடிதம் கூட்டத்தில் மறையும். யாருடையது, நல்லதா கெட்டதா, எனக்குத் தெரியாது. அந்த உறுத்தல் இருக்கத்தான் செய்கிறது. ஆனாலும் தபால்காரர் உறையைப் பிரித்துப் பார்க்கும் ஊரில் நான் வாழ விரும்பமாட்டேன்.

இதன் முதன்மை நிரலாளர் 'ஜேரேண்டம்' என்ற புனைபெயரிலேயே இயங்கியவர். 2007 இறுதியில் விலகிப் போனார். வலையமைப்பு நிற்கவில்லை. சுமை ஒருவர் தலையில் மட்டும் இல்லையே!