நிரல்மொழி வேறுபாடும் கட்டற்ற மென்பொருள் உரிமமும்: எழில் மொழியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

குனு பொது உரிமமும் அதனையொட்டிய நூலக உரிமமும் சி மொழியின் நடைமுறைகளைக் கருத்திற்கொண்டு எழுதப்பட்டவை. வேறு அமைப்புடைய நிரல்மொழிகளுக்கு அவற்றைப் பொருத்தியபோது விளக்கம், விலக்கு, திருத்தம் ஆகியன தேவைப்பட்டன. அவ்வரலாற்றின் பின்னணியில், தமிழ் நிரல்மொழியான எழிலும் ஓப்பன்-தமிழ் நிரலகமும் வெவ்வேறு உரிமங்களைக் கொண்டிருப்பதன் பொருளை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கட்டற்ற மென்பொருள், குனு பொது உரிமம், நிரல்மொழி, எழில், ஓப்பன்-தமிழ்

முன்னுரை

தமிழ்நாட்டு மேல்நிலைக் கல்வியின் கணினி அறிவியல் பாடநூல்கள் 2018, 2019 ஆகிய ஆண்டுகளில் புதுப்பிக்கப்பட்டன. பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தானும் இடம்பெற்றன. பதினொன்றாம் வகுப்பு நூலின் தமிழ்க் கணிமை பற்றிய இயல், பைத்தானை அடிப்படையாகக் கொண்ட எழில் என்னும் தமிழ் நிரல்மொழியையும் அறிமுகம் செய்தது. எனவே தருமபுரி மாவட்டத்தின் அரூரிலோ பென்னாகரத்திலோ இப்பாடத்தைப் பயிலும் மாணவர் ஈராண்டுகளுக்குள் மூன்று நிரல்மொழிகளை எதிர்கொள்கிறார். அவர் எழுதும் நிரல் எவருடைய நிபந்தனைக்கு உட்பட்டது என்னும் வினாவுக்கு மூன்று மொழிகளிலும் ஒரே விடை கிடைப்பதில்லை. மொழி இயங்கும் முறையைப் பொறுத்து விடை மாறுகிறது. இம்மாற்றம் எவ்வாறு தோன்றியது என்பதை உரிமங்களின் வரலாறு காட்டுகிறது.

சி மொழியின் சாயல்

ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த குனு திட்டம், தொடக்கத்தில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி உரிமத்தை வகுத்துக்கொண்டது. 1989-இல் அவை குனு பொது உரிமம் என்னும் ஒரே வடிவம் பெற்றன. இவ்வுரிமத்தின் கீழுள்ள நிரலைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு வெளியிடப்படும் மென்பொருளும் அதே உரிமத்தின் கீழ் வர வேண்டும் என்பது இதன் அடிப்படை நிபந்தனை. பிற நிரல்கள் பயன்படுத்திக்கொள்ளும் நிரலகங்களுக்கு இந்நிபந்தனை கடுமையானது எனக் கருதப்பட்டமையால், 1991-இல் நூலக உரிமம் ஒன்று தனியே வெளியிடப்பட்டது. 1999-இல் அது குறைநிலைப் பொது உரிமம் எனப் பொருள்படும் பெயரைப் பெற்றது.

இந்நூலக உரிமம் சி மொழியின் பணிமுறையை வெளிப்படையாகவே பின்பற்றியது. தலைப்புக் கோப்பு, இலக்குக் கோப்பு, இணைப்பு ஆகியன அதன் கலைச்சொற்கள். பத்து வரிக்கு மேற்படாத சிறு செயற்கூறுகள் தலைப்புக் கோப்பிலிருந்து வந்து சேர்ந்தால் கட்டுப்பாடு இல்லை என்னும் அளவுக்கு அது நுணுக்கமாகப் பேசியது. நிரலகத்தைத் திருத்தி மீண்டும் இணைத்துக்கொள்ளும் வாய்ப்பைப் பயனர் இழத்தலாகாது என்பதே அதன் உட்கிடை. தொகுத்தல், இணைத்தல் என்னும் படிகள் இல்லாத மொழிகளில் இந்நோக்கத்தை நிறைவேற்றும் முறை தெளிவாக இல்லை.

விளக்கம், விலக்கு, திருத்தம்

இச்சிக்கலுக்கு மூவகைத் தீர்வுகள் உருவாயின. முதலாவது விளக்கம். லிஸ்ப் மொழியில், இயங்கிக்கொண்டிருக்கும் நினைவகத்திலேயே செயற்கூறுகளை மாற்றி வரையறுக்க இயலும். அங்கே இணைப்பு எப்போது நிகழ்கிறது என்பதைச் சுட்டுவது கடினம். லிஸ்ப் மென்பொருள்களை உருவாக்கிய ஃபிரான்ஸ் இன்கார்ப்பரேட்டட் நிறுவனம், நூலக உரிமத்தின் சொற்களை லிஸ்புக்கு ஏற்பப் பொருள்கொள்ளும் முன்னுரை ஒன்றை எழுதியது. மூல உரிமம் மாறவில்லை. அதைப் படிக்கும் முறை வரையறுக்கப்பட்டது.

இரண்டாவது விலக்கு. பைசன் என்னும் கருவி, இலக்கண விதிகளைக் கொடுத்தால் அவற்றைப் பகுத்தறியும் நிரலை உருவாக்கித் தரும். அவ்வாறு உருவாகும் நிரலில் பைசனின் சொந்த வரிகளும் கலந்திருக்கும். 1.24-ஆம் பதிப்புக்கு முன்பு அந்நிரலைக் கட்டற்ற மென்பொருள்களில் மட்டுமே பயன்படுத்த இயன்றது. அதன்பின் அளிக்கப்பட்ட விலக்கும், 2.2-ஆம் பதிப்பு வரை, சி மொழியில் உருவாகும் ஒருவகைப் பகுப்பிகளுக்கு மட்டுமே பொருந்தியது. ஒரே கருவியின் வெளியீடு, மொழி மாறியதால் வேறு நிபந்தனைக்கு உட்பட்டது என்பதற்கு இது தெளிவான சான்று. ஜாவாவைப் பொது உரிமத்தின் கீழ் வெளியிடப்போவதாக 2006-இல் அறிவித்த சன் நிறுவனமும் அதன் நிரலகங்களுக்குக் கிளாஸ்பாத் விலக்கினைச் சேர்த்தது. அவ்விலக்கு இல்லையெனில் ஜாவாவில் எழுதப்படும் ஏறத்தாழ எல்லா நிரல்களும் பொது உரிமத்துக்குள் வந்துவிடுமோ என்னும் ஐயம் எழுந்திருக்கும்.

மூன்றாவது திருத்தம். ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளில், நிரலகத்தின் இனக்குழு ஒன்றிலிருந்து மரபுரிமம் வழியாகப் புதிய இனக்குழுவை உருவாக்குவது வழிநூலா, வெறும் பயன்பாடா என்னும் விவாதம் நீடித்தது. நூலக உரிமம் எம்மொழிக்கும் பொருந்தும் என்பதே கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் நிலைப்பாடு. எனினும் 2007-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, மரபுரிமம் என்பது நிரலகத்தின் இடைமுகத்தைப் பயன்படுத்தும் முறைகளுள் ஒன்றே என உரிமத்தின் வாசகத்திலேயே சேர்த்துக்கொண்டது.

எழிலும் ஓப்பன்-தமிழும்

எழில் மொழியின் உருவாக்கத்தை முத்து அண்ணாமலை 2007-இல் தொடங்கினார். 2009-இல் அதைப் பற்றிய ஆய்வுத்தாள் வெளிவந்தது. பதிப்பி, ஆனால், இல்லை, நிரல்பாகம், பின்கொடு முதலிய தமிழ்ச் சொற்களே அதன் குறிச்சொற்கள். பைத்தானில் எழுதப்பட்ட வரிமொழிமாற்றி ஒன்று இந்நிரல்களை இயக்குகிறது. பைத்தானுக்கும் உரிமச் சிக்கலின் வரலாறு உண்டு. 2000-இல் வெளிவந்த 1.6-ஆம் பதிப்பின் உரிமம் வர்ஜீனியா மாநிலச் சட்டத்தைச் சுட்டியதால், பொது உரிமத்துடன் அது இயையாது என அறக்கட்டளை கருதியது. 2001-இல் அம்முரண் தீர்க்கப்பட்டது. பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பை ஏற்ற எழில், பைத்தானின்மீது தடையின்றி அமைவதற்கு இத்தீர்வு வழிசெய்திருந்தது.

வரிமொழிமாற்றிக்கு, அது இயக்கும் நிரல் வெறும் தரவே என்பது அறக்கட்டளையின் விளக்கம். ஆகவே எழிலில் மாணவர் எழுதும் நிரல், எழிலின் உரிமத்துக்குக் கட்டுப்படுவதில்லை. ஆனால் வரிமொழிமாற்றி வேறு நிரலகங்களுக்கு வாயிலாக அமையும்போது, நிரல் அந்நிரலகங்களுடன் இணைந்ததாகவே கொள்ளப்படும். அந்நிலையில் நிரலகத்தின் உரிமமே முதன்மை பெறுகிறது.

எழில் குழுவின் வழியாக வளர்ந்த ஓப்பன்-தமிழ் நிரலகத்தின் இடம் இங்குத்தான் புலப்படுகிறது. யூனிகோடு குறியீடுகளின் தொடரை உயிர்மெய் எழுத்துகளாகப் பிரித்தறிதல் போன்ற பணிகளைச் செய்யும் இந்நிரலகம் எம்.ஐ.டி. உரிமத்தின் கீழ் உள்ளது. பதிப்புரிமைக் குறிப்பையும் உரிம வாசகத்தையும் நீக்காதிருத்தலே அதன் முதன்மை நிபந்தனை. இணைப்பு, மரபுரிமம் என்னும் சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஆதலால் மொழிக்கு மொழி விளக்கமோ விலக்கோ தேவைப்படவில்லை. முன் கூறிய மூன்றுடன் நான்காவது வழியாக இதனைக் கொள்ளலாம். இவ்வெளிமைக்கு ஒரு விலையும் உண்டு. வணிக நிறுவனம் ஒன்று இந்நிரலகத்தை மேம்படுத்தித் தன் மூடிய மென்பொருளில் வைத்துக்கொண்டால், அம்மேம்பாட்டைத் தமிழ்ச் சமூகத்துக்குத் திருப்பித் தரும் கடமை அந்நிறுவனத்துக்கு இல்லை.

வகுப்பறையில் உரிம எல்லைகள்

பன்னிரண்டாம் வகுப்பு நூல், சி++ நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் முறையைத் தனி இயலாகவே விளக்குகிறது. அங்கே பைத்தான், ஜி++ தொகுப்பியை இயக்குமுறைமை வழியே அழைக்கிறது. தொகுக்கப்பட்ட நிரல் தனியே இயங்குகிறது. இவ்வாறு இயங்குபவை பொதுவாக வெவ்வேறு நிரல்களாகவே கொள்ளப்படும். ஜி++ பொது உரிமத்தின் கீழ் உள்ளதாயினும், 2009-இல் வகுக்கப்பட்ட இயக்கநேர நிரலக விலக்கு, வழக்கமான முறையில் தொகுக்கப்படும் மாணவரின் நிரலை அவர் விரும்பும் நிபந்தனையில் வெளியிட இடமளிக்கிறது. மாறாக, எழிலின் மூலநிரலையே எடுத்துத் தம் மென்பொருளில் கலந்து வெளியிடும் மாணவர் பொது உரிமத்துக்குக் கட்டுப்பட்டவராவார்.

முடிவுரை

உரிமத்தின் எல்லையை அதன் வாசகம் மட்டும் தீர்மானிப்பதில்லை. நிரல்மொழியின் இயக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதை மேற்கண்ட வரலாறு உணர்த்துகிறது. எழிலுக்குப் பொது உரிமமும் ஓப்பன்-தமிழுக்கு எம்.ஐ.டி. உரிமமும் அமைந்தமையால், மொழிக் கருவியின் மேம்பாடுகள் வெளியிடப்படும்போது பொதுவில் நிற்கின்றன. மாணவரின் நிரலோ அவருடையதாகவே இருக்கிறது. குனு உரிமங்களின் மொழிபெயர்ப்புகளைச் சட்டப்படி செல்லத்தக்கனவாக அறக்கட்டளை ஏற்பதில்லை. ஆங்கில மூலமே முடிவானது. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதைவிட, சி++, பைத்தான், எழில் ஆகிய ஒவ்வொன்றிலும் உரிமம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை எடுத்துக்காட்டுகளுடன் விளக்கும் தமிழ் எழுத்தே தமிழ்வழி மாணவருக்கு முதலில் தேவைப்படுகிறது.