இரவை மீட்ட ஊர்வலங்கள்

இரவு எல்லார்க்கும் பொது. ஆயினும், இருட்டிய பின் பெண் வெளியே செல்லலாகாது என்பது பல நாடுகளில் எழுதாச் சட்டமாக நிலவி வந்தது. அச்சட்டத்தைப் பெண்கள் தம் கால்களால் நடந்தே மறுத்தனர்.

இங்கிலாந்தின் வடபகுதியில் 1975ஆம் ஆண்டு முதல் கொலைஞன் ஒருவன் பெண்களைத் தொடர்ந்து கொன்று வந்தான். அவனைப் பிடிக்க இயலாத காவல்துறை, இருட்டிய பின் வெளியே வரவேண்டா எனப் பெண்களுக்கு அறிவுரை கூறிற்று. குற்றம் புரிந்தவன் ஊரில் உலவ, குற்றமற்றவர் வீட்டில் அடைபடுவதோ? இவ்வினா லீட்ஸ் நகரப் பெண்களின் உள்ளத்தைச் சுட்டது. 1977 ஏப்ரல் 30ஆம் நாள் இரவு மேற்கு ஜெர்மனியில் பெண்கள் நடத்திய ஊர்வலங்கள் அவர்களுக்கு வழிகாட்டின. அவ்வாண்டு நவம்பர் 12ஆம் நாள் இரவு, லீட்ஸ் உள்ளிட்ட பல நகரங்களில் ‘இரவை மீட்போம்’ என்னும் முழக்கத்துடன் பெண்கள் அணிவகுத்தனர்.

கொலைகள் நின்றபாடில்லை. 1980 நவம்பரில் லீட்ஸ் பல்கலைக்கழக மாணவி ஒருவர், தாம் தங்கியிருந்த விடுதிக்கு அருகிலேயே கொலையுண்டார். துயரும் சினமும் கொண்ட பெண்கள் மீண்டும் தெருவில் இறங்கினர். ஊரடங்கு வேண்டுமாயின் அதனை ஆண்களுக்கு விதிக்குமாறு கேட்டனர். 1981 ஜனவரியில் கொலைஞன் பிடிபட்டான். 13 பெண்களைக் கொன்றவன் அவனே என நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதத்தில் உறுதி செய்தது. பிடிபடுமுன்பே ஒன்பது முறை காவலர் அவனை விசாரித்துவிட்டுப் போகவிட்டிருந்தனர் என்பதும் வெளியாயிற்று. குறை பெண்களின் நடையில் இல்லை. தேடியவர்களின் பார்வையில் இருந்தது.

அமெரிக்காவிலும் 1970களில் இத்தகைய ஊர்வலங்கள் தோன்றின. பின்னர் அவை பல்கலைக்கழக வளாகங்களில் ஆண்டுதோறும் நிகழும் மரபாயின. மெழுகுவத்தி ஏந்தி நடக்கும் மாணவர்கள் இறுதியில் ஓரிடத்தில் கூடுவர். பாலியல் வன்முறைக்கு ஆளானோர், விரும்பினால், அங்கே தம் அனுபவத்தைக் கூறுவர். ஏனையோர் குறுக்கிடாது கேட்பர். கொடுமை புரிவோர் பெரும்பாலும் அறிமுகமானவரே. அது நிகழுமிடம் பல வேளைகளில் இருண்ட தெருவன்று, வீடும் விடுதியறையுமே. இவ்வுண்மையை வளாகங்கள் உணர அச்சொற்கள் துணைநின்றன.

ஆசிரியர் உலகம் இவ்வரலாற்றில் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. துயருற்ற மாணவி வந்து நிற்கையில், “நீ ஏன் அங்குச் சென்றாய்?” என்பது முதற் கேள்வியாதல் கூடாது. அவர் சொல்வதை அமைதியாகக் கேட்பதே முதற் கடமை. வினவப்பட வேண்டியவன் குற்றவாளியே.