ஹார்பர்ஸ் ஃபெரியின் பாறைக் கல்வெட்டு: ஒரு மறுவாசிப்பு

பொட்டோமாக், ஷெனன்டோவா என்னும் இரு ஆறுகள் கலந்து, புளூ ரிட்ஜ் மலையை ஊடறுத்துக் கிழக்கே பாயும் இடத்தில் உள்ள சிற்றூர் ஹார்பர்ஸ் ஃபெரி. பொட்டோமாக்குக்கு வடக்கே மேரிலாந்து மாநிலத்தின் குன்று, ஷெனன்டோவாவுக்கு அப்பால் வர்ஜீனியாவின் லவுடன் குன்று, இரண்டுக்கும் நடுவே கூடுதுறையின் முனை. 1863 வரை வர்ஜீனியாவில் இருந்த ஊர் இன்று மேற்கு வர்ஜீனியாவைச் சேர்ந்தது. மக்கள்தொகை 300-க்கும் குறைவு.

இங்கே சமதளம் மிகச் சிறிது. மலையைக் கடக்க வேண்டிய எதுவும் ஆற்றங்கரையின் ஒடுங்கிய பட்டை வழியாகத்தான் போக முடியும். 1747-இல் குடியேறிய ராபர்ட் ஹார்ப்பருக்கு 1761-இல் வர்ஜீனியா சட்டமன்றம் படகுத்துறை உரிமை தந்தது. ஜார்ஜ் வாஷிங்டனின் விருப்பத்தால் 1799-இல் கூட்டரசின் துப்பாக்கித் தொழிற்சாலைப் பணி தொடங்கியது. 1830-களில் கால்வாயும் பால்டிமோர் - ஒஹாயோ ரயில்பாதையும் மேரிலாந்துக் கரையை எட்டின. பிறகு மரப்பாலம் ஒன்று ரயிலையும் வண்டிகளையும் ஊருக்குள் கொண்டுவந்தது. வின்செஸ்டரிலிருந்து வந்த இன்னொரு ரயில்பாதையும் இந்த முனையில்தான் முடிந்தது. ஆகவே 1859-இல் ஊரின் உயிர்நாடி ஆயுதச்சாலை மட்டுமன்று, பாலமும்தான். அடிமை எழுச்சியைத் தூண்ட ஆயுதச்சாலையைத் தாக்கிய ஜான் பிரவுனின் ஆட்கள் அக்டோபர் 16 இரவில் முதலில் பிடித்ததும் பாலத்தைத்தான்.

அந்த இரவின் முதல் பலி ஹேவர்ட் ஷெப்பர்ட். சுதந்திரமான கறுப்பினத்தவர், ரயில் நிலையச் சுமை ஊழியர். அவர் பெயரால் 1931 அக்டோபர் 10 அன்று ஊரில் ஒரு கருங்கல் பாறை நிறுவப்பட்டது. நிறுவியவை தெற்குக் கூட்டமைப்பின் வழித்தோன்றல்களான பெண்கள், ஆண்கள் ஆகியோரின் இரு சங்கங்கள். திறப்பு விழாவில் பேசிய வரலாற்றாசிரியர் மேத்யூ பேஜ் ஆண்ட்ரூஸ், தம் உரையை ஷெப்பர்டை வன்முறையின் பலியாகக் காட்டும் தலைப்பில் நூலாக வெளியிட்டார். பாறையின் வாசகமும் ஆண்ட்ரூஸின் உரையும் சேர்ந்து, ஷெப்பர்ட் கறுப்பினத்தவரின் விசுவாசத்துக்கு எடுத்துக்காட்டு என்ற ஒரே வாசிப்பைத் தருகின்றன. அந்த வாசிப்பு ஏற்கத்தக்கதன்று.

கல்வெட்டு இரு பகுதிகளாக உள்ளது. முன்பகுதி ஒரு செய்தி: உழைப்பாளியும் மதிப்புக்குரியவருமான ஷெப்பர்ட், ரயில்வே கடமையில் இருந்தபோது பிரவுனின் ஆட்களால் சுடப்பட்டார். பின்பகுதி ஒரு தாவல்: பின்வந்த போர் ஆண்டுகளில் பல சபலங்களுக்கிடையிலும் களங்கமின்றி நடந்துகொண்ட ஆயிரக்கணக்கான கறுப்பினத்தவரின் விசுவாசத்துக்கு அவர் எடுத்துக்காட்டு. முதல் பகுதியிலிருந்து இரண்டாவதற்குப் போக வழியே இல்லை. 1859-இல் இறந்தவர் 1861-இல் தொடங்கிய உள்நாட்டுப் போரில் யாருக்கும் விசுவாசம் காட்டியிருக்க முடியாது. சுதந்திர மனிதர் ஒருவர் அடிமைகளின் விசுவாசத்துக்குச் சான்றாவதும் பொருந்தவில்லை. ஆண்ட்ரூஸின் வாசிப்பு நிற்பது இந்த இடைவெளியின் மேல்தான்.

ஷெப்பர்ட் பாலத்துக்கு ஏன் போனார்? இதற்கான முதன்மைச் சான்று, காயத்தைப் பார்த்த மருத்துவர் ஜான் ஸ்டாரி செனட் விசாரணைக் குழு முன் அளித்த சாட்சியம். காணாமற்போன பாலக் காவலரைத் தேடிச் சென்ற ஷெப்பர்டைச் சிலர் நிற்கச் சொன்னார்கள். நிற்காமல் அலுவலகத்தை நோக்கித் திரும்புகையில் சுட்டார்கள். இப்படித்தான் ஸ்டாரி கேட்டறிந்தார். இது பிறர் வாய்வழி வந்த சான்று. ஆனாலும் இருக்கிற சான்று தெளிவாக ஒரு பக்கமே சாய்கிறது. இருட்டில் ஆயுதம் ஏந்தி நின்றவர்களின் நோக்கத்தை ஷெப்பர்ட் அறிந்திருந்தார் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. அடிமை எழுச்சியில் சேர அவரை அழைத்ததாகவும் இல்லை, அவர் மறுத்ததாகவும் இல்லை. எல்லா வழியும் ஒரே பாலத்தில் குவியும் ஊரில், பாலத்தைக் கவனிப்பது ரயில் ஊழியரின் அன்றாட வேலை. அந்த வேலையே அவரை அங்கே கொண்டுபோனது என்று கொள்வதே பொருத்தம்.

நாளும் சிக்கலானது. கல்வெட்டு 16-ஆம் தேதி இரவு என்கிறது. ஆனால் கிழக்கு நோக்கிவந்த ரயில் நள்ளிரவுக்குப் பிறகே நிலையத்தை அடைந்தது. அவர் சுடப்பட்டது அதையொட்டி. நாட்காட்டிப்படி அது 17. விடியும்வரை ஒரே இரவாகக் கொள்ளும் வழக்கத்தால் இப்படிப் பொறித்திருக்கலாம். அல்லது தாக்குதல் தொடங்கிய நாளே முதல் பலிக்கும் ஏற்றப்பட்டிருக்கலாம். எது என்று முடிவுகட்டக் கல்லில் இடமில்லை.

போர்க்காலம் பற்றிய பின்பகுதியை இதே ஊரின் வரலாறு மறுக்கிறது. 1861 ஏப்ரலில் ஆயுதச்சாலை எரிந்தபின் ஊர் பலமுறை கைமாறியது. வடபடை இருந்த காலங்களில் அடிமைத்தளையை விட்டு ஓடிவந்தவர்களுக்கு அது புகலிடம். 1862 செப்டம்பர் 15 அன்று தென்படைத் தளபதி ஸ்டோன்வால் ஜாக்சன் ஊரைக் கைப்பற்றி ஏறத்தாழ 12,500 வீரர்களைச் சரணடையச் செய்தபோது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த கறுப்பினத்தவர் பலர் மீண்டும் அடிமைத்தளைக்கே இழுத்துச்செல்லப்பட்டனர். உயிரைப் பணயம் வைத்துக் கூடுதுறைக்கு ஓடிவந்தவர்களின் ஊரில் நின்றுகொண்டு, கல்வெட்டு அவர்களைச் சொல்லாமல் விடுகிறது. விடுதலை பெற்றோருக்காக 1867-இல் ஸ்டோரர் கல்லூரி எழுந்ததும், 1906-இல் கறுப்பினத்தவரின் உரிமைக்கான நயாகரா இயக்கம் தன் இரண்டாம் மாநாட்டை அங்கே கூட்டியதும் இந்தப் புகலிட வரலாற்றின் தொடர்ச்சி.

எதிர்ப்பு அன்றே எழுந்தது. 1931 விழாவிலேயே ஸ்டோரர் கல்லூரியின் இசைத்துறைப் பொறுப்பாளர் பேர்ல் டாட்டன், அடிமைத்தனத்தை எதிர்த்து வடபடையில் போரிட்டவரின் மகள் தாம் என்று எழுந்து சொன்னார். கல்லூரித் தலைவர் ஹென்றி மெக்டொனால்டோ விழாவில் பங்கேற்றார். 1932-இல் கறுப்பின அறிஞர் டு பாய்ஸ் பிரவுனைப் போற்றி எழுதிய பலகை வாசகத்தையும் கல்லூரி ஏற்கவில்லை. அந்த வாசகம் 2006-இல்தான் பழைய கல்லூரி வளாகத்தில் இடம்பெற்றது. பாறை 1970-களில் கட்டடப் பணிக்காக அகற்றப்பட்டு, மீண்டும் வைக்கப்பட்டபோது பலகையால் மூடப்பட்டு, 1995-இல் விளக்கப் பலகையுடன் திறக்கப்பட்டது. டு பாய்ஸின் வாசகம் பிரவுனை மீட்கிறது. ஷெப்பர்டைப் பற்றி அது பேசவில்லை. காவலரைத் தேடிப் பாலத்துக்குப் போன ரயில் ஊழியராக அவரைப் பதிவுசெய்வதற்கு ஸ்டாரியின் சாட்சியமே இன்றும் அடிப்படை.