காப்பிரி: பாதிரியோடு கப்பலேறி வந்த சொல்

மலேசியாவின் பூச்சோங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கடைவீட்டு மாடி ஒன்றிலிருந்து கொட்டுச் சத்தமும் கைத்தட்டலும் பாட்டும் தெருவுக்கு இறங்கி வந்தன. கீழே ரொட்டி சானாய்க்குக் காத்திருந்த அக்கா ஒருவர், "மேல காப்பிரிங்க சர்ச்சு நடக்குது" என்றார். குரலில் வன்மம் இல்லை. தோட்டத்தில் அவர் அம்மா ஆப்பிரிக்கர்களுக்குச் சொன்ன சொல் அது. அம்மா வாயிலிருந்து மகள் வாய்க்கு வந்திருக்கிறது. ஆனால் வேரைத் தோண்டிப் பார்த்தால் காப்பிரி என்பதற்கு 'இறைவனை மறுப்பவன்' என்று பொருள். இறைவனை மறுப்பவர்கள் கூடி இறைவனைத் தொழுகிறார்கள் என்று அந்த அக்கா தம்மை அறியாமலே சொல்லியிருந்தார்.

அந்தச் சொல் நடந்து வந்த வழி நீளமானது. அரபியில் க-ஃப்-ர் என்னும் வேருக்கு 'மூடுதல்' என்பது ஆதிப் பொருள். விதையை மண்ணால் மூடும் உழவனுக்கும் அது பொருந்தும். உண்மையை மூடி மறைப்பவன் என்ற பொருளில் இஸ்லாம் அதைச் சமயச் சொல்லாக ஆக்கியது, 'காஃபிர்' பிறந்தது. கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் இஸ்லாம் பரவியபின், கடலோர முஸ்லிம் வணிகர்கள் உள்நாட்டு மக்களை அப்பெயரால் சுட்டினார்கள். அந்த மக்கள் பெரும்பாலும் பாந்து மொழிகளைப் பேசியவர்கள். முன்னோரை வணங்கினார்கள், மழைக்கும் விளைச்சலுக்கும் நோய்க்கும் சடங்கு வைத்திருந்தார்கள். எழுதிவைத்த வேதநூல் அவர்களிடம் இல்லை. அதனால் அவர்களிடம் நம்பிக்கையே இல்லை என்று அந்தச் சொல் தீர்ப்பெழுதிவிட்டது.

1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் மொசாம்பிக், மாலிந்தி வழியாகக் கோழிக்கோட்டுக்கு வந்தன. போர்ச்சுகீசியர் அந்தக் கரையில் கேட்ட சொல்லை 'காஃப்ரெ' என்று தம் மொழியில் வைத்துக்கொண்டார்கள். இங்கேதான் சொல் திசை மாறியது. முஸ்லிமுக்கு அது சமயத்தைக் குறித்தது. போர்ச்சுகீசியர் வாயில் அது தோலின் நிறத்தையும் அடிமை நிலையையும் குறிக்கத் தொடங்கியது. மதம் மாறினால் பழைய பொருள்படி ஒருவன் காஃபிர் அல்ல. புதிய பொருள்படி ஞானஸ்நானம் பெற்றாலும் அவன் காஃப்ரெதான்.

தமிழுக்கு இது வந்த விதத்தைச் சொல்லின் ஒலியே காட்டிக்கொடுக்கும். போர்ச்சுகீசியப் 'பாத்ரெ' தமிழில் 'பாதிரி' ஆனது. அதே முறையில் 'காஃப்ரெ' 'காப்பிரி' ஆனது. மெய்கள் முட்டிக்கொண்ட இடத்தில் தமிழ் ஓர் இகரத்தை நுழைத்தது. ஈற்று எகரத்தையும் இகரமாக்கியது. 'சாவெ' 'சாவி' ஆனதும் இப்படித்தான். மலாய்க்காரர்களின் 'பாடெரி'யும் பாத்ரெயிலிருந்து வந்ததே. 1511இல் மலாக்காவைப் பிடித்தவர்களும் போர்ச்சுகீசியர்தானே. அருளுரைக்க வந்த பாதிரியும் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட காப்பிரியும் ஒரே கப்பலில் வந்து, ஒரே இலக்கணத்தால் தமிழானார்கள்.

ஒரே வேர் தமிழில் இரண்டு சொற்களாக நிற்பதையும் கவனிக்க வேண்டும். தமிழ் முஸ்லிம்கள் அரபியிலிருந்து நேராக எடுத்த 'காபிர்' சமயச் சொல்லாகவே இருக்கிறது. போர்ச்சுகீசியர் வழியாக வந்த 'காப்பிரி' இனப்பெயராகிவிட்டது. இலங்கைத் தமிழில் அது 'காப்பிலி' என்றும் திரிந்து, சுருட்டை முடிக்கு அடைமொழியாக நிற்கிறது. ஒரு மக்களின் நம்பிக்கையைப் பற்றிய தீர்ப்பு, கடைசியில் அவர்கள் தலைமுடியின் வருணனையாகச் சுருங்கிப்போனது.

பெயர் இப்படி உறைந்துபோக, பெயருக்குரியவர்களின் வாழ்க்கை ஓடிக்கொண்டே இருந்தது. போர்ச்சுகீசியரும் ஒல்லாந்தரும் பிரிட்டிஷாரும் இலங்கைக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளம் அருகே சிரம்பியடியில் வாழ்கிறார்கள். அவர்கள் கத்தோலிக்கர்கள். போர்ச்சுகீசியக் கிரியோல் சொற்களில் பாடும் 'மஞ்சா' பாட்டு இன்றும் அவர்களிடம் உண்டு. தேவாலயத்தில் மண்டியிடும் அவர்களுக்கும் பெயர் 'மறுப்பவர்' என்பதே. அதை அவர்கள் இழிவாகக் கொள்வதில்லை. தென்னாப்பிரிக்காவிலோ அதே சொல் சொல்லக்கூடாத வசை. அதைப் பலமுறை சொல்லித் திட்டிய பெண்ணுக்கு 2018இல் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது.

கொச்சி மட்டாஞ்சேரியில் கதை இன்னும் ஆழமானது. 1663இல் ஒல்லாந்தர் கொச்சியைக் கைப்பற்றினார்கள். தோற்ற போர்ச்சுகீசியர் செல்வத்தைப் புதைத்து, அதற்குக் காவலாகத் தம் ஆப்பிரிக்க அடிமைகளையும் கொன்று புதைத்தார்கள் என்று ஊர் சொல்கிறது. அந்த ஆவிகளே 'காப்பிரி முத்தப்பன்'. மங்காட்டுமுக்கில் அவருக்கு ஒரு சிறு இடம் இருக்கிறது. கோபுரமில்லை, சிலையில்லை, மெழுகுவர்த்தி எரிகிறது. கள், சுருட்டு, புட்டு, இறைச்சி படைக்கிறார்கள். இந்துவும் கிறித்தவரும் முஸ்லிமும் வந்து வேண்டிக்கொள்கிறார்கள். நம்பிக்கையற்றவன் என்று அழைக்கப்பட்டவன், நம்பிக்கை வைக்கத்தக்கவனாகிவிட்டான்.

படையலை மறுபடி பாருங்கள்: கள், சுருட்டு, இறைச்சி. பூச்சோங் தோட்டப்புறமாக இருந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. ரப்பர் மரங்களுக்கிடையே சூலம் நட்டு, முனியாண்டிக்குச் சுருட்டும் சாராயமும் வைத்து, சேவலறுத்தவர்கள் நம் தாத்தா பாட்டிமார். தோட்டம் போய் வீடமைப்பும் பேரங்காடியும் வந்தபின்னும் முனியாண்டி போகவில்லை. வேதநூலை வைத்து நம்பிக்கையை அளப்பதானால், முனியாண்டியை வணங்கிய அந்தப் பாட்டனும் காப்பிரிதான்.

குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் ஆப்பிரிக்க வழித்தோன்றல்களான சித்தியர்களிடம் மரபு சமயத்துக்குள் எப்படித் தங்குகிறது என்று பார்க்கலாம். குஜராத் சித்தியர் முஸ்லிம்கள். பரூச் மாவட்டத்து ரத்தன்பூரில் அவர்களின் முன்னோராகிய பாவா கோர் என்ற ஆப்பிரிக்கப் பெரியவரின் தர்கா இருக்கிறது. அங்கே அவர்கள் ஆடும் ஆட்டத்துக்கு 'கோமா' என்றும் பெயர். பாந்து மொழிகளில் 'ங்கோமா' என்றால் முரசு. அதோடு ஆடும் ஆட்டமும், பல இடங்களில் பிணிதீர்க்கும் சடங்கும் அதுவே. தாய்மொழி மறைந்தபிறகும் முரசின் பெயர் மறையவில்லை. வட கன்னடத்துச் சித்தியரில் இந்து, முஸ்லிம், கிறித்தவர் மூவரும் உண்டு. மூத்தோரை நினைந்து வணங்கும் வழக்கம் அவர்களிடம் மதவேலியைத் தாண்டி நிற்கிறது.

ஆப்பிரிக்காவிலேயே இதற்கு நல்ல சாட்சி நைஜீரியாவின் யொருபா மக்கள். அவர்களில் முஸ்லிமும் கிறித்தவரும் ஒரே குடும்பத்தில் இருப்பது இயல்பு. இஃபா என்னும் அவர்களின் குறிபார்க்கும் மரபை 2005இல் யுனெஸ்கோ மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக அறிவித்தது. அவர்கள் இறைவனை 'ஒலோருன்' என்பார்கள்: விண்ணுக்குரியவர். மிஷனரிகள் வருமுன்பே இருந்த சொல் அது. இன்று தேவாலயத்திலும் ஒலிக்கிறது, முஸ்லிம் வீட்டிலும் ஒலிக்கிறது. அடிமைக் கப்பலிலிருந்து 1822இல் சிறுவனாக மீட்கப்பட்டு, 1864இல் ஆங்கிலிக்கன் பேராயரான சாமுவேல் அஜாயி குரௌதர் ஒரு யொருபா. பைபிளை அம்மொழிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர். தமிழ் முஸ்லிமின் 'தொழுகை'யும் 'நோன்பு'ம், தமிழ்க் கத்தோலிக்கரின் 'கோயி'லும் பழந்தமிழ்ச் சொற்கள்தாமே. புதிய சமயம் வந்தால் பழைய சொல் அதற்கு வீடு கொடுக்கிறது. இதை நாம் அறிவோம்.

பிறர் வைத்த பெயர் எப்படிச் சுடும் என்பதையும் அறிவோம். மலாயில் நம்மைச் சுட்டும் 'கெலிங்' என்பது கலிங்கத்திலிருந்து வந்த வெறும் ஊர்ப்பெயர். மலாக்காவில் 1748இல் எழுந்த கம்போங் கெலிங் பள்ளிவாசல் அதை மரியாதையோடு சுமக்கிறது. ஆனால் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லால் அழைக்கப்பட்ட எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் அது வெறும் ஊர்ப்பெயராகப் படாது. அந்த வலியை அறிந்த வாயில் காப்பிரி என்ற சொல் இருக்கக்கூடாது என்றே நான் நினைக்கிறேன். ஆராய்ச்சிக்கும் அகராதிக்கும் அது வேண்டும்; அடுத்த வீட்டுக்காரரை அழைக்க வேண்டாம்.

அடுத்த ஞாயிறு, படியிறங்கி வந்த ஓர் இளைஞரிடம் எந்த மக்கள் என்று கேட்டேன். பிறகு அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "யொருபா." மெய்யைப் பிரிக்கவோ இகரத்தை நுழைக்கவோ தேவையே இருக்கவில்லை. அவர்கள் தம்மை அழைத்துக்கொள்ளும் பெயர் தமிழ் நாவில் இயல்பாகவே வந்தது.