பாடகருக்குக் கைதட்டல், இயக்குநருக்குக் கூச்சல்: பழைய ஓபராவைப் புதுசாக மேடையேற்றினால் ரசிகர்கள் கொதிப்பது ஏன்?

மூன்று மணி நேரம் அமைதியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்ட கூட்டம், திரை விழுந்ததும் எழுந்து நின்று கைதட்டுகிறது. பாடகர்கள் வந்து வணங்குகிறார்கள். கைதட்டல் இன்னும் கூடுகிறது. அடுத்ததாக இயக்குநர் மேடைக்கு வருகிறார். அதே கூட்டம் ‘பூஊஊ...’ என்று நீட்டிக் கத்துகிறது. ஐரோப்பாவின் பெரிய ஓபரா அரங்குகளில் இது அடிக்கடி நடக்கும் சங்கதி.

150 வருடப் பழைய கதையில் கோட்டு சூட்டும் துப்பாக்கியும் வந்தால் என்ன பிரச்சினை? ரசிகர்கள் எதை எதிர்க்கிறார்கள்? கூச்சல் போட்டால் நாடகம் மாறுமா? விரிவாகப் பார்ப்போம்.

ஓபராவில் எதை மாற்றுகிறார்கள்?

ஓபரா என்பது வசனத்துக்குப் பதிலாகப் பெரும்பாலும் பாட்டாலேயே நகரும் நாடகம். மேடைக்கு முன்னால் பள்ளத்தில் பெரிய வாத்தியக் குழு இருக்கும். பாடகர்கள் வழக்கமாக மைக் இல்லாமலேயே அரங்கம் முழுக்கக் கேட்கும்படி பாடுவார்கள்.

வெர்டி, வாக்னர், புச்சினி போன்றவர்கள் எழுதிய இசைக்குறிப்பை யாரும் பெரிதாகத் தொடுவதில்லை. பாட்டு வரிகளும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாறுவது கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள்: உடை, அரங்கப் பொருட்கள், கதை நடக்கும் காலம், இடம், பாத்திரங்கள் நடந்துகொள்ளும் விதம். ராஜா தொழிலதிபர் ஆகலாம், அரண்மனை ஓட்டல் ஆகலாம். காதுக்குப் பழசு, கண்ணுக்குப் புதுசு. மோதல் ஆரம்பிப்பது இங்கேதான்.

ஏன் மாற்ற வேண்டும்?

உலகம் முழுக்க ஓபரா அரங்குகள் திரும்பத் திரும்பப் போடுவது குறிப்பிட்ட சில படைப்புகளைத்தான். ‘கார்மென்’, ‘லா டிராவியாட்டா’, ‘டோஸ்கா’ போன்றவற்றை ஒரு தீவிர ரசிகர் வாழ்நாளில் பத்து இருபது தடவை பார்த்திருப்பார். அதே கதையை இன்னொரு முறை போடும்போது, ‘இன்றைய ஆளுக்கு இதில் என்ன இருக்கிறது?’ என்று இயக்குநர்கள் கேட்கிறார்கள். இப்படி இயக்குநரின் பார்வைக்கு முதலிடம் கொடுக்கும் பாணி ஜெர்மனியில்தான் வலுவாக வேரூன்றியது.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. ‘ஒரிஜினல்’ என்று நாம் நினைப்பதே பல நேரம் ஒரிஜினல் கிடையாது. 1853-இல் வெனிஸ் நகரில் ‘லா டிராவியாட்டா’ அரங்கேறியபோது, கதை தன் சமகாலத்திலேயே நடப்பதாகக் காட்டத்தான் வெர்டி விரும்பினார். அதிகாரிகள் ஒத்துக்கொள்ளவில்லை, கதையை 1700-ஐ ஒட்டிய காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள். ‘ரிகோலெட்டோ’ கதையும் அப்படித்தான். விக்டர் ஹ்யூகோவின் மூல நாடகத்தில் வில்லன் பிரான்ஸ் நாட்டு ராஜா. தணிக்கையாளர்கள் மறுத்ததால், ஓபராவில் அவர் இத்தாலியின் மாந்துவா நகரத்துப் பிரபு ஆனார். அதாவது, காலத்தையும் இடத்தையும் மாற்றுவது இன்று வந்த பழக்கமில்லை.

முதல் நாளில் மட்டும் ஏன் இவ்வளவு சத்தம்?

இயக்குநர், அரங்க வடிவமைப்பாளர், உடை வடிவமைப்பாளர் ஆகியோர் வழக்கமாக முதல் காட்சியன்று மட்டுமே மேடைக்கு வந்து வணங்குவார்கள். கோபத்தை நேரில் காட்ட ரசிகர்களுக்குக் கிடைக்கும் ஒரே வாய்ப்பு அது. அடுத்த காட்சியில் பாடகர்களும் இசை நடத்துநரும்தான் இருப்பார்கள், கூச்சலும் குறைந்துவிடும்.

‘ரசிகர்கள் எதிர்ப்பு’ என்று செய்தியில் வருவது பெரும்பாலும் அந்த ஒரு ராத்திரியின் கதை. அதுவே இறுதித் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இதற்குப் பெரிய உதாரணம் ஜெர்மனியின் பைராய்த்.

பைராய்த் 1976: விசிலில் ஆரம்பித்து ஒரு மணி நேரக் கைதட்டல் வரை

பைராய்த், வாக்னர் தன் படைப்புகளுக்காகவே அரங்கம் கட்டிய ஊர். அவருடைய ‘ரிங்’ நான்கு ஓபராக்கள் கொண்ட தொடர். மொத்தம் சுமார் 15 மணி நேரம். 1876-இல் முழுத் தொடரும் முதன்முதலாக அங்கேதான் நடந்தது.

அதன் நூற்றாண்டு விழா 1976-இல் வந்தது. இயக்கியவர் 31 வயது பிரெஞ்சுக்காரர் பட்ரீஸ் ஷேரோ. இசை நடத்துநர் பியர் பூலெஸ், அவரும் பிரெஞ்சுக்காரர். கடவுள்களும் குள்ளர்களும் வரும் புராணக் கதையை, தொழிற்புரட்சிக் கால முதலாளிகள், தொழிலாளர்கள் கதையாக மாற்றினார் ஷேரோ. முதல் காட்சியில் ரைன் நதி ஓட வேண்டிய இடத்தில் பெரிய நீர்மின் அணை நின்றது.

ரசிகர்களுக்குப் பொறுக்கவில்லை. கூச்சல் போட்டார்கள். விசில் கொண்டுவந்து ஊதினார்கள். துண்டுப்பிரசுரம் விநியோகித்தார்கள். ஆதரவாளர்களுக்கும் எதிர்ப்பாளர்களுக்கும் கைகலப்பே நடந்தது.

ஆனால் பைராய்த் அந்த நாடகத்தைத் தூக்கவில்லை. ஒரே படைப்பை ஆண்டுதோறும் திருத்தி மீண்டும் போடுவது அங்கே வழக்கம். ஷேரோவும் காட்சிகளைத் திருத்திக்கொண்டே போனார். ரசிகர்களும் திரும்பத் திரும்பப் பார்த்தார்கள். 1980-இல் கடைசிக் காட்சி முடிந்தபோது, அதே அரங்கில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கைதட்டல் நீடித்தது. ஓபரா வரலாற்றின் மிக முக்கியமான தயாரிப்புகளில் ஒன்றாக இன்று அது பேசப்படுகிறது.

அப்படியானால் கூச்சல் எப்போதும் தப்பா?

அப்படியும் சொல்லிவிட முடியாது. அதே பைராய்த்தில் 2013-இல், வாக்னரின் 200-ஆவது பிறந்த ஆண்டுக்கு, பிராங்க் காஸ்டார்ஃப் ‘ரிங்’ தொடரை இயக்கினார். தங்கத்துக்காக நடக்கும் சண்டை, பெட்ரோலியத்துக்கான சண்டையாக மாறியது. மலையில் மார்க்ஸ், லெனின், ஸ்டாலின், மாவோ முகங்கள் செதுக்கப்பட்டிருந்தன. உருகிப் பாடும் காதல் டூயட்டின்போது மேடையில் முதலைகள் ஊர்ந்தன.

தொடர் முடிந்து மேடைக்கு வந்த காஸ்டார்ஃபை நோக்கிப் பலத்த கூச்சல் எழுந்தது. அவர் நகரவில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் அங்கேயே நின்று, கூட்டத்தைச் சீண்டுகிற மாதிரி சைகை காட்டினார். இசை நடத்துநர் கிரில் பெட்ரென்கோவுக்கோ ஆரவார வரவேற்பு. கூட்டம் யாருக்கு எதைக் கொடுப்பது என்று தெளிவாகப் பிரித்தே வைத்திருந்தது. இந்தத் தயாரிப்பும் 2017 வரை ஓடியது.

ரசிகர்களுக்கு உண்மையில் எது பிடிக்கவில்லை?

நவீன உடை மட்டும்தான் பிரச்சினை என்றால், ஜொனாதன் மில்லரின் ‘ரிகோலெட்டோ’ தோற்றிருக்க வேண்டும். 1982-இல் லண்டன் இங்கிலீஷ் நேஷனல் ஓபராவில் அவர் கதையை 1950-களின் நியூயார்க் மாஃபியா உலகத்துக்குக் கொண்டுபோனார். புகழ்பெற்ற பாட்டு ஒன்று, மதுக்கடையில் காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸிலிருந்து கிளம்புகிற மாதிரி அமைத்தார். ரசிகர்கள் கொண்டாடினார்கள், 30 ஆண்டுகளுக்கும் மேலாக அது திரும்பத் திரும்பப் போடப்பட்டது. காரணம் எளிமையானது. யாரும் எதிர்த்துப் பேச முடியாத பிரபு, அவரைச் சுற்றி ஜால்ரா கூட்டம், கூலிக்குக் கொலை செய்பவன் என்று கதையில் இருந்த எல்லாமே மாஃபியா உலகத்திலும் இருந்தன. உறவுகள் உடையவில்லை.

கூச்சல் பெரும்பாலும் மூன்று இடங்களில் எழுகிறது.

• எதிர்பார்த்த காட்சி காணாமல் போனால்: ‘டோஸ்கா’வின் இரண்டாம் அங்க முடிவில், வில்லனைக் கொன்ற நாயகி அவன் உடலருகே மெழுகுவர்த்திகளை வைத்து, நெஞ்சில் சிலுவையை வைக்க வேண்டும். இது இசைக்குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. 2009-இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் லூக் போண்டி அதை எடுத்துவிட்டார். ஃபிராங்கோ ஜெஃபிரெல்லியின் பிரம்மாண்ட செட்டுக்குப் பதிலாக வந்த புதிய தயாரிப்பு வேறு. முதல் நாளே கூச்சல்.

• முடிவையே மாற்றினால்: ‘கார்மென்’ கதையில் நாயகியை முன்னாள் காதலன் கொன்றுவிடுவான். 2018 ஜனவரியில் இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகரில் இயக்குநர் லியோ முஸ்காட்டோ இதைத் திருப்பிப் போட்டார். கார்மென் அவனைச் சுடுகிறாள். ஒரு பெண் கொல்லப்படுவதைப் பார்த்துக் கைதட்ட வேண்டுமா என்ற கேள்விதான் மாற்றத்துக்குப் பின்னால் இருந்தது. இத்தாலியில் பெண்கள் மீதான வன்முறை பெரிய விவாதமாக இருந்த நேரம் அது. ஆனால் முதல் காட்சியில் துப்பாக்கி வெடிக்காமல் போக, முடிவே சொதப்பிவிட்டது. கூச்சலும் எழுந்தது.

• காதும் கண்ணும் வேறு வேறு சொன்னால்: பாடகர் வாளைப் பற்றிப் பாடுகிறார், கையில் துப்பாக்கி இருக்கிறது. முன்பெல்லாம் மொழி தெரியாதவர்களுக்கு இது உறைக்காது. 1983-இல் டொரண்டோவில் ‘எலெக்ட்ரா’ ஓபராவுக்கு மேடை மேல் மொழிபெயர்ப்பு வரிகள் ஓடின; பிறகு அந்த வழக்கம் உலகம் முழுக்கப் பரவியது. இப்போது பொருந்தாத இடம் ஒவ்வொன்றும் எல்லோருக்கும் பளிச்செனத் தெரிகிறது.

பாட்டின் நடுவிலேயே கூச்சல்: எல்லை எங்கே?

இசை ஓடும்போது குறுக்கிடுவதில்லை என்பது ஓபரா ரசிகர்களிடையே எழுதப்படாத விதி. அந்த விதி 2015 ஜூனில் லண்டன் ராயல் ஓபரா ஹவுஸில் உடைந்தது. ரொசினியின் ‘வில்லியம் டெல்’ ஓபராவில், ஆக்கிரமிப்பு ராணுவத்தினர் உள்ளூர்ப் பெண்களைக் கட்டாயப்படுத்தி ஆடவைக்கும் இடம் உண்டு. இயக்குநர் டாமியானோ மிக்கியெலெட்டோ அதை ஒரு பெண் மீதான கூட்டுப் பாலியல் வன்முறையாகக் காட்டினார். காட்சி நடந்துகொண்டிருக்கும்போதே அரங்கம் கொந்தளித்தது.

போரில் பெண்களுக்கு இதுதான் நடக்கிறது, அதை அழகான நடனத்தால் மூடி மறைக்கலாமா என்பது ஒரு தரப்பு வாதம். நிஜக் கொடுமையை இவ்வளவு நீட்டிக் காட்டுவது பாதிக்கப்பட்டவர்களையே காயப்படுத்தும் என்பது மறுதரப்பு. மனம் புண்பட்டவர்களிடம் அரங்கம் வருத்தம் தெரிவித்தது. அடுத்தடுத்த நாட்களில் அந்தக் காட்சி மட்டுப்படுத்தப்பட்டது.

ஜெர்மனியின் டுசெல்டார்ஃப் நகரில் 2013 மே மாதம் நடந்தது இன்னும் கடுமை. வாக்னரின் ‘டான்ஹாய்சர்’ நாஜிக் காலப் படுகொலைகளோடு இணைத்துக் காட்டப்பட்டது. பார்வையாளர்களில் சிலருக்கு மருத்துவ உதவி தேவைப்பட்டதாக அரங்கமே தெரிவித்தது. காட்சிகளை மாற்ற இயக்குநர் மறுத்தார். சில நாட்களிலேயே நாடகம் நிறுத்தப்பட்டு, வெறும் இசைக் கச்சேரியாக மட்டும் தொடர்ந்தது.

கூச்சல் வந்தால் அரங்குகள் என்ன செய்யும்?

பணம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. ஜெர்மனியில் பெரும்பாலான ஓபரா அரங்குகளுக்கு அரசுப் பணம் உண்டு. ஒரு தயாரிப்பு முதல் நாளில் திட்டு வாங்கினாலும் தாக்குப்பிடிக்க முடியும். அதே சமயம், ‘எங்கள் வரிப்பணத்தில் இதென்ன கூத்து?’ என்ற கேள்வியும் அங்கேதான் சத்தமாக வரும்.

அமெரிக்காவில் டிக்கெட் விற்பனையும் நன்கொடையாளர்களும்தான் ஆதாரம். அதனால் அங்கே அரங்குகள் கொஞ்சம் ஜாக்கிரதை. போண்டியின் ‘டோஸ்கா’ சில ஆண்டுகள் ஓடியது. பிறகு, 2017-இன் கடைசி நாளில், பழைய ரோம் நகரத்தை அப்படியே கண்முன் நிறுத்தும் டேவிட் மெக்விகாரின் தயாரிப்பு அந்த இடத்துக்கு வந்தது.

கடைசியில் யாருடைய தீர்ப்பு?

எழுதியவர் உயிரோடு இல்லை. அவர் சார்பில் பேசும் உரிமையை இயக்குநரும் கேட்கிறார், டிக்கெட் வாங்கியவரும் கேட்கிறார். ‘பூ’ கத்துபவர் எல்லோரும் புதுமைக்கு எதிரி என்று ஒதுக்கிவிட முடியாது. தான் மனப்பாடமாக நேசிக்கும் ஒன்றுக்காகவும் அவர் கத்துகிறார்.

முதல் நாள் சத்தம், அதிர்ச்சியை மட்டுமே அளக்கிறது. ஒரு தயாரிப்பு நின்றதா, விழுந்ததா என்பது, அதே அரங்கம் மறுபடி அதை எடுக்கும்போது ஆட்கள் வருகிறார்களா என்பதில்தான் தெரியும். பைராய்த்தில் அதற்கு நான்கு வருடம் ஆனது.