நடுவில் இல்லாத கோப்பு

யுனிக்ஸில் ஒருவர் உள்நுழைந்ததும் அவருடைய வேலைச் சூழலை அமைத்துக் கொடுக்க இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று எல்லாருக்கும் பொதுவான எட்சி புரொபைல். மற்றது அவரவர் வீட்டு அடைவில் கிடக்கும் டொட் புரொபைல். ஒரு குழுவுக்கென்று இடையில் எதுவும் இல்லை. மட்டக்களப்பில் பிறந்த எனக்கு இது உறுத்தும். எங்கள் பக்கத்தில் ஆளுக்கும் ஊருக்கும் நடுவில் குடி நிற்கிறது. தாய்வழியில் வருவது அது. கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் யார் என்பதுகூடக் குடியைப் பார்த்துத்தான் தீர்மானமாகும். யுனிக்ஸைக் கட்டியவர்களுக்கு இந்த நடுப்படி தோன்றவே இல்லையா? மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு சின்னக் கணினிக் கூடத்தைப் பார்த்துக்கொண்ட காலத்தில் இதைத் தேடிப் படித்தேன். தோன்றியிருக்கிறது, அதுவும் ஆரம்பத்திலேயே.

1971 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில், யுனிக்ஸை எழுதியவர்களுக்கு வெளியே அதை முதலில் பயன்படுத்தியவர்கள் காப்புரிமைப் பிரிவின் தட்டச்சாளர்கள். விண்ணப்பங்களை அடித்துத் திருத்துவது அவர்கள் வேலை. டெனிஸ் ரிச்சியும் கென் தொம்சனும் 1974 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையில் இத்தகைய கந்தோர்ப் பயனர்களுக்குச் செய்த ஏற்பாட்டைச் சொல்கிறார்கள். கடவுச்சொல் கோப்பில் ஒவ்வொரு பயனருக்கும் ஒரு வரி. உள்நுழைந்ததும் எந்த நிரல் ஓடவேண்டும் என்று அந்த வரியில் குறித்துவிடலாம். குறிக்காவிட்டால், அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல் வரும். தட்டச்சாளரின் வரியில் ஷெல்லுக்குப் பதிலாக ஈடி என்ற தொகுப்பியின் பெயர். பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்தால் நேரே கடிதத்துக்கு முன்னால் போய் உட்காரலாம். தெரியாத ஷெல் கட்டளையை அடித்து எதையும் அழித்துவிடும் பயமில்லை. சதுரங்கத்துக்கும் இதே வழிதான். ஆட்டத்துக்கென்று வைத்த பெயரில் உள்ளே போனால் ஆட்டம் மட்டும் கிடைக்கும். எனக்கு இது பிடித்த ஏற்பாடு. கூண்டுதான், ஆனால் உள்ளே இருப்பவரை மதித்துச் செய்த கூண்டு.

1979 இல் ஏழாம் பதிப்பு வந்தது. ஸ்டீபன் போர்னின் ஷெல், சூழல் மாறிகள், டொட் புரொபைல் எல்லாம் அதோடு வந்தவை. பேர்க்லியில் பில் ஜோய் எழுதிய சி ஷெல்லுக்கு டொட் லொகின் என்று தனிக் கோப்பு. குழுக்களும் இருந்தன, ஆனால் யார் எந்தக் கோப்பைத் தொடலாம் என்பதற்கு மட்டும். ஒருவர் ஒரு நேரத்தில் ஒரு குழுவில்தான் இருக்கலாம். மாறவேண்டுமானால் நியூகுரூப் என்று அடிக்கவேண்டும். 1983 இல் பேர்க்லியின் 4.2 பதிப்பு ஒருவரைப் பல குழுக்களில் ஒரே நேரத்தில் இருக்கவிட்டது. குழுவுக்கென்று ஒரு கோப்பு வராமல் போனதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். குடி ஒருவருக்கு ஒன்றுதான். மூன்று குழுவில் இருப்பவருக்கு எந்தக் குழுவின் சொல் செல்லும்?

அதனால் கணினியைப் பார்த்துக்கொள்பவர்கள் இடைவெளியைக் கையால் நிரப்பினார்கள். பொதுக் கோப்பில் ஐடி கட்டளையை ஓட்டிக் குழுப் பெயரை வாங்கி, கேஸ் என்ற கிளைப்பில் குழுவுக்கு நாலு வரி எழுதுவது வழக்கமானது. லினக்ஸில் புரொபைல் டொட் டி என்ற அடைவு வந்தபின் அந்த வரிகளைத் தனித் துண்டுகளாகப் போடலாம். 1991 இல் ஜோன் ஃபர்லானி மொடியூல்ஸ் என்ற ஏற்பாட்டை விவரித்தார்: வேண்டிய மென்பொருளின் சூழலை ஏற்றலாம், வேலை முடிந்ததும் இறக்கலாம். மீக்கணினி நிலையங்களில் இன்றும் அந்த முறை ஓடுகிறது.

புளியந்தீவில் எங்கள் கூடத்துக்கு வந்தவர்கள் இரு வகை. கோட்டைக்குள் கச்சேரி, அதாவது அரசாங்கச் செயலகம், இருந்த ஊர் இது. தட்டச்சு தெரிந்தால் அரசாங்க வேலை என்று நம்பி வந்தவர்களுக்கு ரெங்கநாதன் விசைப்பலகை வேண்டும். பள்ளிக்கூடப் பொடியன்களுக்கு ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ் வரும் முறை. நானும் பொதுக் கோப்பில் ஒரு கேஸ் எழுதி, குழுவைப் பார்த்து விசைப்பலகையின் பெயரை ஒரு மாறியில் வைத்தேன். திரை தொடங்கும்போது ஒரு ஸ்கிரிப்ட் அதைப் படித்துக்கொள்ளும். தட்டச்சுக்காரர்கள் ஒருவர் அடித்த கடிதத்தை மற்றவர் திருத்தவேண்டும். புதுக் கோப்பில் யாருக்கு எந்த அனுமதி இல்லை என்று சொல்லும் எண் யூமாஸ்க். அவர்களுக்கு அது 002, பொடியன்களுக்கு 022. அந்த நடு இலக்கம் 2 ஆக இருந்தால் குழுவில் வேறு எவரும் உங்கள் புதுக் கோப்பில் எழுதமுடியாது. 0 ஆனால் முடியும். பொடியன்கள் ஒருவர் வீட்டுப்பாடத்தில் மற்றவர் கைவைப்பதை நான் விரும்பவில்லை.

பகலில் தட்டச்சு பழகி மாலையில் பொடியன்களுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரு ஆசிரியை இரண்டு குழுவிலும் இருந்தார். கேஸ் முதலில் பொருந்தும் கிளையோடு நின்றுவிடும். அவருக்கு எப்போதும் ரெங்கநாதன்தான் வந்தது. குழுக்களின் வரிசையை மாற்றித்தரவா என்று கேட்டேன். “வேணாம் சேர், நான் பாத்துக்கொள்றன்” என்றார். தன் டொட் புரொபைலில் மணியைப் பார்த்து விசைப்பலகையை மாற்றும் இரண்டு வரி எழுதிக்கொண்டார். பொதுக் கோப்புக்குப் பின்னால் படிக்கப்படுவது அது. ஆகவே அவர் வைத்ததே நின்றது.