வெனிலா எசன்ஸ்: ஒரு சின்ன பாட்டிலின் பெரிய கதை

மற்ற ஊர்களுக்குத் தீபாவளி ஒரு நாள். சிவகாசிக்கு அது ஒரு வருஷம். தீபாவளி முடிந்து சில வாரங்கள் கழித்துப் பூஜை போட்டு பட்டாசு ஆலைகள் திறந்தால், அடுத்த தீபாவளி நெருங்கும் வரை வேலை ஓடும். பிறகு போனஸ், புதுத்துணி, பலகாரம். அதற்குப் பின் சில வாரம் வேலையும் இல்லை, கூலியும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் இந்தப் பக்கத்தில் "லீவு" என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. பிள்ளைகளுக்கு அது சந்தோஷம், பெரியவர்களுக்கு அது கணக்கு.

அந்த நாட்களில் வீட்டுக்குள் வரும் வாசனைகளை ஒரு வரிசையில் வைக்கலாம். முதலில் அதிரசம். ஊறவைத்து இடித்த பச்சரிசி மாவு, வெல்லப்பாகு, ஏலக்காய், சுக்கு. மாவைப் பிசைந்து ஒரு நாளாவது மூடி வைக்காமல் சுட்டால் எண்ணெயில் பிரிந்து போகும் என்று பாட்டிகள் சத்தியம் செய்வார்கள். அப்புறம் முறுக்கு, சுசியம், சீனி மிட்டாய். கடையில் வாங்குவது என்றால் சாத்தூர் காராச்சேவு, ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இந்தப் பால்கோவாவுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சீனியும்தான் அதில் உள்ளவை, வாசனைக்கென்று தனியாக எதுவும் போடுவதில்லை.

டிசம்பர் வந்தால் வேறு ஒரு வாசனை வரும். வெனிலா!

ஓவன் இல்லாத வீடுகளில் கேக் செய்யும் முறை தெரியும்தானே? பழைய குக்கரில் ஆற்று மணலைப் பரப்பி, வெயிட்டையும் கேஸ்கட்டையும் கழற்றிவிட்டு, நடுவில் மாவுக் கிண்ணத்தை இறக்கி, சின்னத் தீயில் முக்கால் மணி நேரம் வைப்பார்கள். மைதா, சீனி, முட்டை, வெண்ணெய் (அது கட்டுப்படியாகாத வீட்டில் டால்டா). கடைசியில் சின்ன பாட்டிலைக் கவிழ்த்து ஒரு மூடி எசன்ஸ். எதற்கு என்று கேட்டால் "முட்டை வாடை போறதுக்கு" என்று பதில் வரும். சமையல் புத்தகங்கள் வெனிலாவை வாசனைப் பொருள் என்கின்றன. நம்ம ஊர் அடுக்களையில் அது ஒரு வாடை நீக்கி :-)

தீபாவளிப் பலகாரத்தில் வெனிலா நுழையாததற்கும் காரணம் இதுதான் என்று தோன்றுகிறது. அதிரசத்தில் முட்டை இல்லை. ஏலக்காய்க்கும் பஞ்சம் இல்லை, பக்கத்திலேயே போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலம் நடக்கிறது. முட்டையும் மைதாவும் பேக்கரி அடுப்பும் வந்த வழியில்தான் வெனிலாவும் வந்தது. கிறிஸ்துமஸ் இந்த மண்ணுக்கு அதற்கு முன்பே பழக்கம். வடக்குத் திருநெல்வேலி கிராமங்களில் ஊழியம் செய்த தாமஸ் கஜெட்டன் ராக்லண்ட் என்ற சி.எம்.எஸ். மிஷனரி 1858 அக்டோபரில் இறந்தது சிவகாசியில்தான். வேடிக்கை என்னவென்றால், அதே 1858-ல்தான் பிரான்சில் நிக்கோலா தியோடோர் கோப்லே என்பவர் வெனிலாக் காயிலிருந்து அதன் வாசனைக்குக் காரணமான பொருளைத் தனியாகப் பிரித்தெடுத்தார். வெனிலின் என்பது அதன் பெயர்.

சரி, மேட்டருக்கு வருவோம். இந்த வெனிலா எங்கிருந்து வந்தது?

மெக்சிகோவிலிருந்து. அது ஒரு ஆர்க்கிட் கொடி. மெக்சிகோவின் கிழக்குக் கரையில் வாழ்ந்த டோட்டோனாக் மக்கள் அதை வளர்த்தார்கள். அவர்களை அடக்கி ஆண்ட அஸ்டெக்குகள் அதைக் கப்பமாக வாங்கி கோகோ பானத்தில் கலந்து குடித்தார்கள். அஸ்டெக்குகளை 1521-ல் ஸ்பானியர்கள் வீழ்த்திய பிறகு அது ஐரோப்பாவுக்குப் போனது. பெயரும் ஸ்பானியர் வைத்ததுதான், "சின்ன உறை" என்று அர்த்தம். காய் பார்க்க நீளமான பீன்ஸ் மாதிரி இருக்கும். பச்சையாக இருக்கும்போது வாசனையே வராது. வெந்நீரில் முக்கி, போர்வையில் சுற்றி வேர்க்க வைத்து, வெயிலில் காயவைத்து, பெட்டியில் மாதக்கணக்கில் மூடி வைத்தால்தான் கறுத்து மணக்கும்.

ஐரோப்பியர்கள் கொடியைத் தங்கள் காலனிகளுக்கு எல்லாம் கொண்டு போனார்கள். கொடி வளர்ந்தது, பூத்தது. காய்க்கவில்லை! பூ ஒரே ஒரு நாள், அதுவும் சில மணி நேரம்தான் விரிந்திருக்கும். உள்ளே ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு தடுப்பாக நிற்கும். மெக்சிகோவில் இருந்த தேனீக்கள் வேறு எங்கும் இல்லை. 1836-ல் பெல்ஜியத்தில் சார்ல் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காய் எடுத்துக் காட்டினார். ஆனால் அது ஆய்வகத்தோடு நின்றது. தோட்டத்துக்கு வேண்டிய சுலபமான வழி அவரிடமிருந்து வரவில்லை.

வந்தது ஒரு அடிமைச் சிறுவனிடமிருந்து.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே ரியூனியன் என்ற பிரெஞ்சுத் தீவு இருக்கிறது. அன்று அதற்கு பூர்போன் என்று பெயர். அங்கே 1829-ல் எட்மண்ட் பிறந்தான். பிரசவத்திலேயே தாய் இறந்துவிட்டாள். அடிமை என்பதால் குடும்பப் பெயர் கிடையாது. ஃபெரியோல் பெல்லியே போமோன் என்ற தோட்ட முதலாளி அவனைத் தன்னோடு வைத்துக்கொண்டு செடிகளைப் பற்றிச் சொல்லிக் கொடுத்தார். பூசணிப் பூவில் கையால் மகரந்தம் சேர்ப்பதையும் காட்டியிருந்தார். அவர் தோட்டத்தில் ஒரு வெனிலாக் கொடி இருபது வருஷமாகக் காய்க்காமல் நின்றது. 1841-ல் ஒரு நாள் அதில் காய் தொங்குவதைப் பார்த்தார். "நான்தான் செய்தேன்" என்றான் எட்மண்ட். முதலில் அவர் நம்பவில்லை. திரும்பச் செய்து காட்டச் சொன்னார். ஒரு சின்னக் குச்சியால் அந்தச் சவ்வைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்தினான். சில வினாடி வேலை. அவனுக்கு வயது 12.

செய்தி தீவு முழுவதும் பரவியது. தோட்டம் தோட்டமாக அவனை அனுப்பி மற்ற அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். ரியூனியன் வெனிலாத் தீவானது. அங்கிருந்து தொழில் மடகாஸ்கருக்குப் போனது, இன்று உலகில் அதிகம் விளைவது அங்கேதான்.

எட்மண்டுக்கு என்ன கிடைத்தது? 1848-ல் ரியூனியனில் அடிமை முறை ஒழிந்தபோது சுமார் 62,000 பேரோடு அவனும் விடுதலையானான். அப்போதுதான் ஆல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் வந்தது. வெள்ளை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து அதை எடுத்தார்கள் (யார் செய்த கிண்டலோ!). பிறகு ஒரு திருட்டு வழக்கில் சிறை. முதலாளி போமோன் ஆளுநருக்கு எழுதிய மனுவால் தண்டனைக் காலம் முடியும் முன்பே வெளியே வந்தார். அந்தப் பிரபலமான தாவரவியலாளர் ஒருவர் தானே முன்பு ரியூனியனுக்கு வந்து சொல்லிக் கொடுத்ததாக உரிமை கொண்டாடியபோதும், கண்டுபிடித்தது எட்மண்ட்தான் என்று போமோன் எழுத்தில் சாட்சி சொன்னார். அதனால்தான் பெயராவது மிஞ்சியது. 1880-ல் எட்மண்ட் ஆல்பியுஸ் வறுமையில் இறந்தார்.

இந்தக் கதையில் தமிழர்களும் உண்டு. அடிமைகள் விடுதலையானதும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஒப்பந்தக் கூலிகளைக் கப்பல் கப்பலாக ரியூனியனுக்கு ஏற்றினார்கள். அவர்களின் சந்ததியார் இன்றும் அங்கே இருக்கிறார்கள். பெரும்பாலோருக்குத் தமிழ் மறந்துவிட்டது, கோயிலும் தீமிதியும் மறக்கவில்லை. அவர்கள் நிறைய வாழும் சேந்த் ஆந்த்ரே ஊர் வெனிலாவுக்கும் பெயர் பெற்றது. அங்கே தீபாவளி ஊர்வலமும் நடக்கிறது.

இனி சிவகாசி.

வெனிலாவுக்கு ஈரக்காற்றும் நிழலும் வேண்டும். கரிசல் காட்டில் அது ஒரு வாரம்கூடத் தாங்காது. பட்டாசுக்கு நேர் எதிர். மருந்து காய வெயில் வேண்டும், காற்றில் ஈரம் கூடாது. மழை பொய்க்கும் பூமி என்பதே இங்கே தொழிலுக்கு முதலீடு ஆனது. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், அதனால் அச்சகம் வந்தது. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானதும், உலகப் போரால் இறக்குமதி நின்றதும் பட்டாசு ஆலைகளுக்கு வழிவிட்டன.

விவசாயம் இல்லாத ஊரில் வேலை கிடைத்தது பெரிய விஷயம். அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் அந்த வேலை சின்னக் கைகளையும் தேடியது. சட்டத்தில் தீக்குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, காகிதக் குழாய் சுற்றுவது, சரவெடி பின்னுவது. எண்ணிக்கைக்குத்தான் கூலி. விடியும் முன்னே கிராமங்களுக்கு ஆலை பஸ் வரும், தூக்கம் கலையாத பிள்ளைகள் ஏறுவார்கள். எட்மண்ட் பூவைத் தொட்ட அதே வயதுப் பிள்ளைகள், அவனைவிடச் சின்னவர்களும்கூட. 1980களில் பத்திரிகைகள் இதை எழுதின. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பளித்தது: வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அது அந்தக் குழந்தையின் நலனுக்கான நிதியில் சேர வேண்டும். சிவகாசியை முன்வைத்து எழுந்த வழக்கு, நாடு முழுமைக்கும் உத்தரவானது.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பெயரும் எந்த வெடிப் பெட்டி மேலும் அச்சாகவில்லை. எட்மண்டுக்காவது ஒரு போமோன் இருந்தார்.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. அன்று பெட்டி ஒட்டிய பிள்ளைகள் இன்று பெரியவர்கள், அவர்கள் பிள்ளைகள் பள்ளி பஸ்ஸில் ஏறுகிறார்கள். ஆபத்து மட்டும் போகவில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டியிலும், 2021 பிப்ரவரி 12 சாத்தூர் அருகே அச்சங்குளத்திலும் நடந்த வெடி விபத்துகளை அந்தக் கிராமங்கள் மறக்காது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியத்துக்கும் சரவெடிக்கும் தடை போட்டபோது, ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. ஒரு தீபாவளி லீவு அவ்வளவு நீளமாக இருந்ததில்லை.

பாட்டில் கதைக்கு ஒரு பின்குறிப்பு பாக்கி இருக்கிறது. அந்த ஒரு மூடி எசன்ஸில் பெரும்பாலும் வெனிலாக் காயே கிடையாது! 1874-ல் ஜெர்மனியில் ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் இருவரும் பைன் மரச் சாற்றிலிருந்து வெனிலினைச் செயற்கையாகத் தயாரித்தார்கள். பிற்பாடு காகித ஆலைக் கழிவிலிருந்தும், இப்போது பெரும்பாலும் பெட்ரோலியப் பொருளிலிருந்தும் அது வருகிறது. உலகம் நுகரும் வெனிலா வாசனையில் நிஜக் காயிலிருந்து வருவது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. பூச்சிக்கு வேலை போய்க் கைக்கு வந்தது, கைக்கு வேலை போய் ரசாயன ஆலைக்குப் போனது.

ஆனாலும் நிஜ வெனிலாவுக்கு மவுசு போகவில்லை. 2000-ல் மடகாஸ்கரைப் புயல் அடித்த பின் விலை ஏறியது. 2003 வாக்கில் கேரளாவிலும் கர்நாடகாவிலும் பச்சைக் காயே கிலோ மூவாயிரம் ரூபாயைத் தாண்டியது. ரப்பரையும் பாக்கையும் விட்டுக் கொடி நட்டவர்கள் உண்டு, காய்க்கு ராக்காவல் போட்டவர்களும் உண்டு. இரண்டே வருஷத்தில் விலை தரையைத் தொட்டது, பலர் கொடியை வெட்டி எறிந்தார்கள். வெட்டாமல் வைத்தவர்கள் இன்றும் காலையில் தோட்டத்துக்குப் போய், ஒவ்வொரு பூவாக, குச்சியால் சவ்வைத் தூக்கி, கட்டை விரலால் அழுத்துகிறார்கள். 1841-ல் எட்மண்ட் காட்டிய அதே முறைதான். அதைவிட நல்ல வழியை யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

வெடி ஆலையில் வேலை செய்தவர்களின் கையில் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னும். லீவு விட்ட நாட்களில்தான் அது மெல்ல மெல்லப் போகும். ஆலை திறக்கும் முன் பார்த்தால், அதே கை அதிரச மாவைத் தட்டிக்கொண்டிருக்கும். டிசம்பரில் திரும்பவும் வெள்ளி ஏறிய அந்தக் கைதான், ஞாயிற்றுக்கிழமை தேய்த்துக் கழுவிவிட்டு, குக்கர் மணலில் கேக் கிண்ணத்தை இறக்கும். கேக் வெந்ததா என்று பார்க்க ஊதுபத்திக் குச்சியால் குத்திப் பார்ப்பார்கள். மாவு ஒட்டாமல் வந்தால் அடுப்பை அணைத்துவிடலாம். மணல் ஆறியதும் அதைச் சலித்து ஒரு டப்பாவில் போட்டு வைத்தால், அடுத்த வருஷத்துக்கும் ஆகும்.